பெறுபேறு வருமுன் சொன்ன ஓம்

அக்கா,

நேற்றுப் பின்னேரம் தாரணி உன் சிவப்புக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டோவ்னரில் என் வீட்டுக்கு வந்தாள். நீ கண்மூடி இரண்டு வருடமாகியும் அதன் கழுத்துப் பட்டியில் உன் தைல மணம் இருக்கிறது. உன் மகள் இப்போது உன்னைவிட உயரம். வாசலில் நின்றபடியே, "சித்தி, அப்பாவோடை நீங்கள்தான் கதைக்கவேணும்" என்றாள்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி. மற்றவர்களுக்கு முந்தி, நவம்பரிலேயே விண்ணப்பித்தால் இடம் கிடைக்க வாய்ப்புக் கூடவாம். ஆனால் கிடைத்தால் போயே ஆகவேண்டும், வேறெங்கும் கேட்கக்கூடாது. அதற்குச் சம்மதம் என்று பிள்ளையும் தகப்பனும் முன்கூட்டியே கையெழுத்து வைக்கவேண்டும். அவளுக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருக்கிறது. இங்கே ஒஸ்லோவிலும் பேர்கனிலும் என்ன கிடைக்கும் என்று பார்க்கவும் ஆசை. அத்தானோ, "கிடைக்கிறதை விடாதை, போடு கையெழுத்தை" என்கிறாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் வேறொன்றையும் பார்க்காதே என்று வாக்கு வாங்க அந்தக் கல்லூரிக்கு அப்படி என்ன அவசரம்?

இந்த அவசரத்தை நான் முன்னரும் பார்த்திருக்கிறேன். ஊரில் நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தாய். நோர்வே மாப்பிள்ளை திரும்பிப் போகமுன் முடிவு வேண்டும் என்று கலியாணத் தரகர் வந்து குந்தினார். "இப்ப ஓம் எண்டாத்தான். பிறகு வேறை இடம் பாத்திடுவினம்." அப்பா ஓம் என்றார். அடுத்த மாதம் பெறுபேறு வந்தது. உனக்கு மருத்துவபீடம். நான் துள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். நீயோ, "பரவாயில்லையடி, சொல் குடுத்தாச்சு" என்றுவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டாய். ஊரே உன்னைத் தங்கமான பிள்ளை என்றது. அந்தப் புகழ்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வைத்தியராக வேண்டியவள் இங்கே முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தாய், அதையும் சிரித்துக்கொண்டு.

தாரணியையும் இழுத்துக்கொண்டு ரொம்மனில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உன்ரை அக்கா ஒருநாளும் ஒரு குறையும் சொன்னதில்லை" என்றார்.

"நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அத்தான்."

தாரணி இடையில் கேட்டாள்: "அம்மாவுக்கு மெடிசின் கிடைச்சதோ?" பார் அக்கா, பெற்ற பிள்ளைக்குக்கூட நீ சொல்லவில்லை!

பிறகு அவள் தகப்பனிடம் நிதானமாகச் சொன்னாள்: "நான் ஜனவரியிலை எல்லாரோடையும் சேர்ந்து விண்ணப்பம் போடுறன், அப்பா. மற்ற இடங்களுக்கும் போடுறன். எனக்கு அந்தக் கல்லூரியிலை உண்மையா விருப்பமெண்டா அப்பவும் இருக்கும்தானே. அவைக்கும் என்னிலை விருப்பமெண்டா பொறுக்கட்டும்." அத்தான் சரி என்று தலையாட்டினார்.

அவள் முகத்தில் கோபமே இல்லை, அக்கா. முழுக் கோபமும் என்னிடம்தான் கிடக்கிறது. அது உன்னுடையது, நீ ஒருநாளாவது பட்டிருக்கவேண்டிய கோபம். நீ கோபப்படவில்லை என்பதற்காக அதை நான் விடமாட்டேன்.