முழங்கை உயரத்துக்கு ஒரு மேடை

நமங்கான்,
மே மாதம்.

அன்புள்ள அசிலா அப்பாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் அம்மாவின் காது என் தோளில்தான் இருக்கிறது. எதிர்வீட்டு ஃபெருஸா அக்காவின் மகன் கொரியாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டு நிலவரம் சொல்ல வேண்டுமானால், பாதி வீட்டைக் காணோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டார்கள். இப்போது எங்கும் திறந்த சமையலறைதானாம், அத்தை கைபேசியில் பார்த்தாராம். நான் வெங்காயம் வதக்கினால் கூடத்து மெத்தைகள் எல்லாம் வெங்காயம். உங்கள் சித்தப்பா நுழைந்தால் மாவுக் கையோடு தலைத்துணியைத் தேடி ஓடுகிறேன். அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது, தொட்டாலே திறக்கும். இடித்துக்கொண்டாலும் திறக்கும், என் நெற்றியைக் கேளுங்கள். ஃபிரிட்ஜுக்கும் அலமாரிக் கதவு போட்டு மறைத்தாயிற்று. அசிலா தண்ணீர் குடிக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறாள்.

அடுப்பு இருக்கிறதே, கண்ணாடி மாதிரி வழவழவென்று. நம் புலாவ் சட்டி, அந்தக் கசானுக்கு அடி உருண்டை. அதில் வைத்தால் தொட்டிலாக ஆடுகிறதே தவிர சூடேறவில்லை. சொன்னதற்கு அத்தை, "சட்டிய மாத்திக்கலாம்டி, ஃபேஷன மாத்த முடியுமா? ஃபெருஸா வந்து பாத்து வயிறெரியட்டும்" என்றார். புலாவை முற்றத்து அடுப்பில் கிண்டிவிட்டு, விருந்தாளி வந்ததும் உள்ளே ஓடிவந்து இங்கே சமைத்த மாதிரி நிற்கிறேன்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? முலாம்பழக் காலத்தில் உங்கள் தம்பி சர்தோருக்குக் கல்யாணம். கடைசிப் பிள்ளைக்குத்தான் பெற்றவர்களோடு இருக்கும் வீடு, மூத்தவர்கள் தனியே போக வேண்டும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தானே. இந்தச் சமையலறை, வரப்போகிற மணப்பெண் ஷஹ்லோவுக்கு, என்னவோ செய்துகொள்ளட்டும், நாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நம் மனைக்குப் போய்விடுவோம் என்று இருந்தேன். ஒன்பது வருடமாக விடியுமுன் இந்த முற்றத்தைப் பெருக்குகிறேன். தம்பி கல்யாணத்தோடு கிளம்பிவிடலாம் என்று விமான நிலையத்தில் எனக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள்.

போன வாரம் சமையல் மேடை போட வந்த தச்சர், இங்கே நின்று சமைக்கப்போவது யார் என்று கேட்டார். முழங்கைக்கு ஒரு கையகலம் கீழே மேடை வர வேண்டுமாம். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவசரத்துக்கு என்னை நிறுத்துகிறார் என்று நினைத்தேன். நான் மக்குதான்.

நேற்று ஷஹ்லோ வீட்டார் வந்தார்கள். அந்தப் பெண் என் தோளுக்குத்தான் வருவாள். மேடை அவள் நெஞ்சில் இடித்தது. அத்தை சிரித்துக்கொண்டே, "நீ எதுக்கும்மா இங்க நிக்கணும், பேங்க் வேலைக்குப் போற பொண்ணு! ஹிலோலா இருக்காளே" என்றார். என் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. கீழே போடாமல் வைத்ததே பெரிது.

அவர்கள் போனதும், அப்படியானால் நாங்கள் தனியே போகப்போவதில்லையா என்று அத்தையிடம் நேராகவே கேட்டேன். "என்னைக் கேட்டா? உன் புருஷன் சரின்னு சொல்லியாச்சு. மேடைய உசத்திப் போடுங்கம்மா, அவளுக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்குதுன்னு சொன்னதே அவன்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் அழுதேன். ஆனால் பாதி அழுகையில், இவ்வளவு தூரத்தில் இருந்தும் என் இடுப்பு வலி உங்களுக்கு நினைவிருக்கிறதே என்று மனசு இளகிப்போனது. அதற்காகவும் என் மேல் எனக்கே எரிச்சல். இடுப்பு நினைவிருந்த மனிதருக்கு வாக்கு எப்படி மறந்தது?

இன்று காலை அசிலாவைக் கூட்டிக்கொண்டு நம் மனைக்குப் போனேன். அஸ்திவாரத்துக்குள் புல் முழங்கால் அளவு நிற்கிறது. அங்கேதான் சமையலறை என்று நீங்கள் செங்கல் வைத்து அடையாளம் செய்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றேன். அசிலா அங்கேயே விளையாட்டுக் கடை போட்டு எனக்குத் தேநீர் விற்றாள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைக்கட்டும். கல்யாணத்துக்கு வருவீர்கள் அல்லவா, வந்து அந்த மூலையில் எனக்கு ஒரு மேடை போட்டுக் கொடுங்கள். கல் வேண்டாம், வெறும் பலகை போதும். உயரம்தான் உங்களுக்குத் தெரியுமே.

உங்கள்
ஹிலோலா