சுப்பையா யாருக்கு ஓட்டுப் போட்டான்?

பாசமுள்ள அக்காவுக்கு,

அங்கே தபால் வருமோ வராதோ, எழுதிவிடுகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் சுப்பையா ஓட்டுப் போட்டுவிட்டான்! முப்பத்தொரு வயதில், தன் காலால் நடந்துபோய், தன் கையால் போட்டான்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சட்டைப் பொத்தானை இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். ஒன்று மேலே ஒன்று கீழே போகும், நான் கண்டுகொள்வதில்லை. கீரமங்கலம் சந்தையில் வாழைப்பழம் அவனே கேட்டு வாங்குகிறான். கடைக்காரர்களுக்கும் காத்திருக்கப் பழகிவிட்டது.

ஊரார் மந்தம் என்று ஒதுக்கிய உங்கள் ஒரே மகனைப் பார்த்துக்கொள்ள, ஆஸ்பத்திரி வார்டு வேலையை விட்டு நான் வந்த முதல் வாரமே நமக்குச் சண்டை. ஞாபகம் இருக்கிறதா? யார் அவனிடம் பெயர் கேட்டாலும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்வீர்கள். நானோ வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் இருபது எண்ணுவேன். அதற்குள் அவனுக்குச் சொல் வந்துவிடும்.

"பெத்த வயிறு எரியுது மாணிக்கம். புள்ளைய ஏன் இப்புடித் தவிக்க விடுறே?" என்றீர்கள்.

"தவிக்கலக்கா, தேடுறான்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை.

வாக்காளர் பட்டியலுக்கு ஆள் வந்தபோது அவன் பெயரையும் எழுத வைத்தேன். "ஊரு சிரிக்கும்டா" என்றார் உங்கள் கொழுந்தனார். சிரிக்கட்டும் என்று ஓட்டு நாளன்று அழைத்துப் போனேன்.

ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குள் போனதும் ஒரு கட்சி ஏஜெண்டு எழுந்துவிட்டார். "இவனுக்கு என்னங்க தெரியும்? கூட வந்த ஆளு சொல்ற பெட்டியில போடுவான். விடாதீங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "பேரையும் தகப்பனார் பேரையும் அவரே சொன்னா சீட்டு உண்டு. நீங்க பேசக் கூடாது."

சொல்லாமல் திரும்பினால், இனி எந்த இடத்திலும் அவனை ஓர் ஆளாகச் சேர்க்க மாட்டார்கள்.

சுப்பையா கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இருபது எண்ணினேன். நாற்பதும் ஆயிற்று. ஏஜெண்டு சிரித்தார். அக்கா, உண்மையைச் சொல்கிறேன், முந்திக்கொண்டு சொல்லிவிட எனக்கும் நாக்குத் துடித்தது. உங்களை எத்தனை குறை சொல்லியிருக்கிறேன்! கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சுப்பையா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அப்பா ராமசாமி. செத்துப் போச்சு. ஆத்தாளும் செத்துப் போச்சு" என்றான்.

கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டான். நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது. இத்தனை நாள் அது எனக்குத் தெரியவில்லையே? அழுதுவிட்டேன். அதிகாரி விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார்.

மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாகச் சின்னம் ஒட்டிய பெட்டிகள். தனியாகத்தான் போக வேண்டும். போனான், போட்டான், வந்தான்.

வரும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "எந்தப் பெட்டியிலடா போட்டே?"

நின்று யோசித்தான். "சொல்ல மாட்டேன் போ மாமா."

கொழுந்தனார் கேட்டார், டீக்கடையில் கேட்டார்கள். அந்த ஏஜெண்டே முறுக்கை நீட்டிக் கேட்டார். முறுக்கைத் தின்றான், சொல்லவில்லை.

நானும் இனிக் கேட்க மாட்டேன், உங்கள்மேல் ஆணை. அவனுக்குப் பதிலாக இனி யாரையும் வாய் திறக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். நீங்கள் கனவில் வந்து கேட்டாலும் பயனில்லை அக்கா. இந்த முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று அவனிடம் இருக்கிறது.

சம்பளத்துக்கு வந்து உடன்பிறந்தவனாகிவிட்ட
உங்கள் தம்பி,
மாணிக்கம்