மேற்குச் சுவரின் வயிறு

நவ. 4, செவ்வாய்

காலை முதல் தூறல். மலைப்பக்கம் ஒரே கறுப்பு. ஞாயிறு மகள் கவிதாவுக்கு வளைகாப்பு. கூடத்தில் மேற்குச் சுவரை ஒட்டி உட்கார வைப்பதாக ஏற்பாடு. போட்டோ அடியேன்.

கள்ளக்குறிச்சியில் வாங்கிய பழைய ப்ளாஷ் வேலை செய்கிறது. கேமராவிலேயே மாட்டி அடித்தால் மகள் முகம் எண்ணெய் தடவிய தோசைக்கல். தனியாக முக்காலியில் வைத்து, முன்னால் என் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் மெத்தென்று. பத்தாவது பெயிலான எனக்கு இந்த மூளை போதும்.

செல்வி: "வேட்டிய இடுப்புல கட்டாம வெளக்குக்குக் கட்டிக்கினு திரியுது என் வூட்டு மனுசன்."

நவ. 5

வேட்டியை எடுத்துவிட்டு, ப்ளாஷைச் சுவரோரம் தள்ளிவைத்துப் பார்த்தேன். கவிதா முகம் பாதி இருட்டு. வீண். ஆனால் அவளுக்குப் பின்னால் சுவரில் பிறை மாதிரி ஒரு நிழல். லென்ஸ் அழுக்கு என்று மூன்று முறை துடைத்தேன். போகவில்லை. தடவிப் பார்த்தால் சுவர் உப்பியிருக்கிறது. ஈரம் வேறு. சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் மேடு நிழல் போடுகிறது.

மண் சுவர். போன வருடம் மேலே சிமெண்டு பூசியவன் செல்வியின் தம்பி முருகன், கொத்தனார்.

நவ. 6

இரவெல்லாம் மழை. முக்காலிக்கும் நான் நின்ற இடத்துக்கும் நேற்றே சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன்; அதே இடத்திலிருந்து எடுத்தேன். நேற்று நிழல் காலண்டர் ஆணிக்கு ஒரு ஜாண் கீழே. இன்று ஆணியைத் தொடுகிறது. கை ஆடியிருக்கும் என்று மறுபடி எடுத்தேன். அதே.

நவ. 7

முருகனிடம் காட்டினேன். "பொண்ணு வயித்த எடுக்கச் சொன்னா செவுத்து வயித்த எடுத்துக்கினு வந்துகிறீங்களா மாமா?" எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் வந்தது. வேட்டி போட்டு எடுத்த படத்தைக் காட்டி, "இதுல செவுரு வழவழன்னுதானே கீது? இப்பிடியே எடுங்க."

செல்வி: "என் தம்பி பூசுனதுன்னா உனுக்கு ஆவாது."

கவிதா மதியம் அந்தச் சுவரோரமே படுக்கிறாள். அங்கேதான் ஃபேன்.

நவ. 8, சனி

மழை விடவில்லை. வாங்க வேண்டியவை: வளையல், சந்தனம், பாக்கு. வாங்கவில்லை. காலையிலேயே கவிதாவைத் தூக்கத்தில் எழுப்பிப் பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

"அப்பா, போட்டோ பைத்தியம் முத்திடுச்சா?"

"ஆமாம்மா. நட."

திரும்பி வந்தால் சுவரோரம் பாய் விரித்துக்கொண்டிருக்கிறான் முருகன். சாய்ந்து உட்கார்ந்து, "இப்ப என்னிய எடுங்க மாமா. நானே கேரண்டி." வேட்டி இல்லாமல் எடுத்தேன். வாங்கிப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான்: நிழல் ஆணியைத் தாண்டி மேலே. சிரிப்பு நின்றது. எழுந்து பாயைச் சுருட்டினான். வாசலுக்கு வந்து, மெதுவாக:

"அக்கா உள்ளதானே கீது? கூப்புடு மாமா. கத்தாம கூப்புடு."

இதை எழுதுவது வராந்தாவில். நான்கு பேரும் இருக்கிறோம். வேட்டி மட்டும் உள்ளே. இங்கிருந்து வீடு தெரிகிறது. இன்னும் நிற்கிறது.