தலைவருக்கு ஓட்டு இல்லை

மே 11, 1952. ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்குது. அக்கினி நட்சத்திரம். காலைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமா முடிச்சார், புண்ணியவான்.

சாயங்காலம் ராயபுரத்துல ரயில் ஏறி திருவொற்றியூர். தொழிற்சாலை சங்கத்துப் பொதுக்கூட்டம். புதுத் தலைவர் தேர்வு. பழைய தலைவர் வக்கீல் ஐயா பெரிய பதவி ஏதோ தேடி டில்லிப் பக்கம் போயிட்டார்.

எழுதவே கை கூசுது. தலைவர் நான்.

பிட்டர் வேலை பாக்கற சவரிமுத்து. எட்டாவது பாஸ். கமிட்டியில எப்பவும் நின்னுகிட்டே கத்தற ஆளு. முன்மொழிஞ்சது யாருன்னு பாத்தா பாய்லர் சுந்தரம்! என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பறவன். "சவரி அண்ணன வுட்டா இந்தப் பதவிக்கு வேற யாருபா கீறாங்க?"ன்னு மைதானமே அதிர்றாப்ல கேட்டான். அத்தனை கையும் மேல போச்சு. கையோட சாமந்தி மாலை வேற வாங்கியாந்திருந்தான்.

ரயில்ல மாலையோடதான் வந்தேன். கழட்ட மனசு வரல. எதிர்ல குந்தியிருந்த மீன்கூடைக்காரம்மா: "இன்னா நைனா, இந்த வயசுல மாப்ளையா?" பெட்டியே சிரிச்சுது. நானும்.

வூட்டுல பொண்டாட்டி மேரி மட்டும் சிரிக்கல. "சுந்தரமா போட்டான் மாலை? வெட்டப் போற கெடாவுக்குத்தான்யா மொதல்ல மாலை போடுவாங்க." பொறாமைன்னு நெனச்சேன். படுத்துட்டேன்.

மே 12, திங்கள்

வக்கீல் ஐயாவோட குமாஸ்தா ஒரு பிஸ்கோத்து டப்பாவைக் கொண்டாந்து குடுத்தார். சங்கத் தலைவர் சொத்து முழுக்க அதுக்குள்ளதான்:

பித்தளை மணி ஒண்ணு. நல்ல சத்தம்.
ரப்பர் முத்திரை, மை காஞ்ச டப்பி.
இங்கிலீஷ்ல அச்சடிச்ச சட்டப் புத்தகம். ஒல்லி. ஒரு பக்கம்கூடப் புரட்டின அடையாளம் இல்ல.
பாதி தின்ன பெப்பர்மிண்டுப் பொட்டலம் (ஐயாவோடது).

வேலையில ஏக மரியாதை. கேட்ல வாட்ச்மேன் எழுந்து நின்னான். டீக்கடை நாயர் ஸ்டூலைத் துண்டால துடைச்சுப் போட்டு "தலைவரே, உட்காருங்க"ங்கறார். நேத்து வரைக்கும் "யோவ், தள்ளி நில்லு"ன்னவர். அந்த "தலைவரே" காதுல விழும்போது உள்ளுக்குள்ள ஷோக்கா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

கிரேன் ஓட்டற கஜபதியைப் பாத்தேன். கேட்டுக்கு வெளியில குந்திகினு இருந்தான். வேலை போய் மூணு வாரம். கிரேன் சங்கிலி இத்துப் போச்சு, இதுல லோடு தூக்க மாட்டேன், கீழ நிக்கறவன் செத்துடுவான்னு சொன்னான். சொன்ன பேச்சு கேக்கலன்னு போர்மேன் எழுதிக் குடுத்து, வெள்ளைக்கார மானேஜர் துரை சீட்டைக் கிழிச்சுட்டார். கீழ அன்னிக்கு நின்னது நாலு பேரு. அதுல ஒருத்தன் நான்.

சங்கம் இதை எடுத்துக்கணுமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை கமிட்டி முடிவு பண்ணணும். "நீ தலைவர் ஆயிட்ட, இனி இன்னா பயம் எனக்கு"ன்னான். தோளைத் தட்டிட்டு வந்தேன். தட்டினது தலைவர் தட்டு.

மே 13, செவ்வாய்

பேப்பர் முழுக்க டில்லி. நாட்டுக்கே தலைவர், ராஷ்டிரபதி, பதவி ஏத்துக்கறாராம். டீக்கடையில ஒரே அலசல்.

"அவுருக்கு இன்னாபா வேலை?"
"கையெழுத்துப் போடறது."
"அவ்ளோதானா?"
"அவ்ளோதான். எழுதறது வேற ஆளு."
"அப்ப நம்ம சவரி மாரின்னு சொல்லு."

எல்லாம் சிரிப்பு. சுந்தரம் சிரிக்காம பக்கத்துல வந்து குந்தினான். ரொம்பப் பணிவா ஆரம்பிச்சான். "தலைவரே, வெள்ளிக்கிழமை நீங்க ஒரு பக்கம் பேசப்படாது. தலைவர் பொதுவான ஆளு. ஓட்டும் போடப்படாது. சட்டத்துல கீது. வக்கீல் ஐயாவே சொல்லிக்கிறாரு."

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. கமிட்டி பதினோரு பேரு. கஜபதிக்காக ஆறு, வேண்டாம்னு அஞ்சு. போனஸ் பேச்சு வர்ற நேரத்துல துரையைச் சீண்டக்கூடாதுங்கறது அந்த அஞ்சு பேரோட கட்சி. சுந்தரம் கட்சி. ஆறுல என்னைத் தூக்கி நாற்காலியில வெச்சா? அஞ்சுக்கு அஞ்சு.

"சமமா நின்னா தீர்மானம் வுழுந்துடும் தலைவரே"ன்னு டீயை உறிஞ்சினான். "நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

அடப்பாவி! மாலை வாங்கி வந்தானே! கத்தற வாயை மூட இதைவிட லேசான வழி உண்டா? நானும் ரயில்ல மாலையோட வந்தேன். மானம் போச்சு.

மேரிகிட்ட சொன்னேன். "கெடா"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் சோறு போட்டா.

மே 14, புதன்

சாயங்காலம் நல்ல கடல்காத்து. வேர்வை அடங்கிச்சு.

மேரி கான்வென்ட்ல படிச்சவ. என்னைவிட இங்கிலீஷ் கூடுதல். வெங்காயம் உரிச்சுகிட்டே சட்டப் புத்தகத்தை வாங்கிப் பாத்தா. கண்ணுல தண்ணி, ஒரு வரி படிப்பா, ஒரு வெங்காயம். நான் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிட்டு வர்றேன், வாசல்லயே நிக்கறா.

"இங்க பாருய்யா. பன்னெண்டாவது விதி."

தலைவர் ஓட்டுப் போடக்கூடாது. சரி. விவாதத்துல ஒரு பக்கம் சேரக்கூடாது. அதுவும் சரி. அடுத்த வரி: ஓட்டு சமமா நின்னா தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடிவு பண்ணணும்.

மூணு தடவை படிக்கச் சொன்னேன். எண்ணெய் பாட்டிலைக் கீழ வெச்சுட்டு அவளைத் தூக்கி ஒரு சுத்து. "விடுய்யா, புள்ளைங்க பாக்குது!"

சுந்தரத்துக்கு இது தெரியல. எப்படித் தெரியும்? வக்கீல் ஐயா இருந்த வரைக்கும் ஓட்டுன்னு ஒண்ணே கிடையாது. "ஏகமனதாக"ன்னுவார், நாங்க கை தட்டுவோம். எதுக்குத் தட்டறோம்னு பாதிப் பேருக்குத் தெரியாது. அத்தனை வருஷத்துல ஒருத்தன்கூடப் புத்தகத்தைத் திறந்ததில்ல. நானும் திறக்கல.

வாயைத் திறக்கப் போறதில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த நோட்டுக்கும் மேரிக்கும் மட்டும்.

மே 15, வியாழன்

பேஜாரு. ராயப்பன் ஆட்டம் காண்றான். நம்ம அஞ்சுல ஒருத்தன். அவன் மச்சானுக்கு வேலை தர்றதாப் போர்மேன் ஆசை காட்டியிருக்கான். அவன் அந்தப் பக்கம் போனா நாலுக்கு ஆறு. என் ஓட்டுக்கே வேலை இருக்காது.

மத்தியானம் ஒரு யோசனை. கூட்டத் தேதி வைக்கறது தலைவர்தானே? சனிக்கிழமை ரெண்டாம் ஷிப்டுக்கு வெச்சா சுந்தரம் ஆளுங்க மூணு பேரு வேலையில இருப்பானுங்க. நோட்டீசே எழுதிட்டேன். மையில தண்ணி விட்டு முத்திரையும் குத்தியாச்சு. குத்தும்போது ஒரு சந்தோஷம் பாரு!

மேரிகிட்ட காட்டினேன். "ஆகா, பிரமாதம். அப்படியே அந்த மணியையும் சுந்தரத்துக்கிட்டயே குடுத்துடு. ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்?"

கோவம் வந்துச்சு. நல்லதுக்குத்தானே பண்றேன்னேன். "அவனும் போனஸுக்குத்தான்னு சொல்றான்"னா.

நோட்டீசைக் கிழிச்சுட்டேன். சட்டையை மாட்டிக்கிட்டு ராயப்பன் வூட்டுக்கு நடந்தேன். ஓட்டைப் பத்திப் பேசல. தலைவர் பேசக்கூடாதாமே! ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: அன்னிக்குச் சங்கிலிக்குக் கீழ நின்ன நாலு பேரு யாரு யாரு? விரல் விட்டுச் சொன்னான். மூணாவது விரல் அவனேதான். கருவாட்டுக் குழம்பு போட்டான். வாக்கு ஒண்ணும் குடுக்கல.

மே 16, வெள்ளி

எங்க ஆரம்பிக்கறது!

கூட்டம் அஞ்சு மணிக்கு. நாற்காலியில நான், மேசையில மணி. சுந்தரம் அரை மணி நேரம் பேசினான். நல்லாத்தான் பேசினான், ஒத்துக்கறேன். போனஸ், பொண்டாட்டி புள்ளைங்க, துரை குணம், எல்லாம். எனக்கு நாக்கு அரிக்குது. பேசக்கூடாது. பல்லைக் கடிச்சுகினு ஒரு பெப்பர்மிண்டை வாயில போட்டுக்கிட்டேன்.

கஜபதிக்காகக் கை தூக்குங்கன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ராயப்பன் தரையைப் பாத்துகினு இருந்தான். மேரி மாதா! அப்புறம் மெள்ள, சோம்பல் முறிக்கறவன் மாதிரி, அவன் கை மேல வந்துச்சு.

வேண்டாம்னு அஞ்சு.

சுந்தரம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். "சமம். தீர்மானம் வுழுந்துச்சு. கலையலாமா தலைவரே?"

அடிச்சேன் மணியை! பன்னெண்டாவது விதியை வாசிச்சேன். இங்கிலீஷ்ல ஒரு தடவை, தமிழ்ல ரெண்டு தடவை. சுந்தரம் புத்தகத்தைப் பிடுங்கித் தலைகீழாப் பிடிச்சுப் பாத்தான். "டபாய்க்காத நைனா, இத்த யாரு எழுதினது?"ன்னான். வக்கீல் ஐயாதான்னேன். எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. மறுபடி மணி.

"தலைவர் ஓட்டு கஜபதிக்கு."

எட்டு வருஷம் கத்தினேன் கமிட்டியில. ஒரு காரியம் நடந்ததில்ல. இன்னிக்கு மூணே வார்த்தை.

மே 17, சனி

துரைக்குக் கடுதாசி. மேரி எழுதினா, நான் கையெழுத்து. தலைவர்தான் நேர்ல குடுக்கணுமாம். விதி பதினஞ்சு.

மேரி பேனாவை மூடிட்டுச் சொன்னா: "வக்கீல் ஐயாவை துரை வேலையை வுட்டுத் தூக்க முடியாது. அவுரு அங்க வேலை செய்யல. அதான்யா இத்தினி நாளா வெளியாளையே தலைவரா வெச்சுக்கிறாங்க."

எனக்கு இது தோணவே இல்ல. சத்தியமா. சுந்தரத்துக்குத் தோணியிருக்குமோ?

"வேண்டாம்னு சொல்றியா?"ன்னேன். "நான் அப்டிச் சொன்னேனா? போய்க் குடு"ன்னா. ஆனா குரல் சரியில்ல. வேலை போனா? ரெண்டு புள்ளைங்க.

மே 18, ஞாயிறு

பூசை. ரெண்டு மெழுகுவத்தி. மத்தியானம் தூங்கினேன், ஆச்சரியம்.

மே 19, திங்கள்

துரை ரூம். மேல காத்தாடி ஓடுது. ஹெட் கிளார்க் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றார். துரை கடுதாசியைப் படிச்சுட்டு சங்கிலியைக் கொண்டாரச் சொன்னார். ரெண்டு பேர் தூக்கியாந்தாங்க. இத்துப்போன கண்ணியை விரலால தடவிப் பாத்தார். போர்மேனைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே! ஜென்மத்துக்கும் மறக்காது.

அப்புறம் சொன்னார். கஜபதி நாளைக்கே வேலைக்கு வரலாம். புதுச் சங்கிலியும் வரும். என் வேலைக்கும் ஆபத்தில்ல. ஆனா உள்ள வேலை செய்யறவன் தலைவரா இருக்கறது சரிப்படாது. படிச்ச வெளியாளா ஒருத்தரைச் சங்கம் பாத்துக்கட்டும். இப்பவே ராஜினாமா எழுதிக் குடு, கஜபதி உத்தரவுல கையெழுத்துப் போடறேன்.

ஹெட் கிளார்க் பேனாவை நீட்டினார்.

இதை மேரிகிட்டகூடச் சொல்லல. இங்க எழுதறேன். நான் பேனாவை வாங்கல. ஒரு நிமிஷம், அதுக்கு மேலயும் இருக்கும். கஜபதி ஞாபகமே வரல. டீக்கடை ஸ்டூல் வந்துச்சு, மணிச் சத்தம் வந்துச்சு, "தலைவரே" வந்துச்சு. கஜபதி இன்னும் ஒரு மாசம் தாங்க மாட்டானா? பெரிசா ஒரு ஊர்வலம் விடலாமே? ஊர்வலத்தையே பாத்துட்டேன் மனசுக்குள்ள. முன்னால நான் நடக்கறேன், கழுத்துல மாலை.

துரை இருமினார். வாங்கிப் போட்டேன் கையெழுத்து.

வூட்டுக்கு வந்ததும் மேரி கேட்டா: "உடனே போட்டியா?"

"உடனே"ன்னேன்.

மே 20, செவ்வாய்

கஜபதி வேலைக்கு வந்துட்டான். கிரேன்ல உக்காந்து எல்லாருக்கும் சலாம் போடறான். சுந்தரம்கூடச் சிரிச்சுட்டான். "ஒயுங்கா புக்க படிச்சிருந்தா நானே தலைவராயிருப்பேன்"ங்கறான். டீக்கடையில இன்னிக்கு நின்னுதான் குடிச்சேன்.

சாயங்காலம் கஜபதி பொண்டாட்டி முனியம்மா வந்தா. கூடையில பெரிய வஞ்சிரம். காலையில ஏலத்துல எடுத்ததாம், விக்காம வெச்சிருந்தாளாம். கண்ணெல்லாம் தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. தெருவே கேக்கறாப்ல மேரிகிட்ட சொல்றா:

"அவனவன் பதவிக்கு நாயா அலையறான்க்கா. அண்ணன் எங்களுக்காகக் கொஞ்சங்கூட யோசிக்காம தூக்கிப் போட்டுட்டு வந்துச்சே! கொஞ்சங்கூட யோசிக்கலையாமே!"

மேரிக்கு முகமெல்லாம் பெருமை. என்னையே பாத்துகினு இருந்தா.

கூடையை வாங்கிக்கிட்டேன்.