செல்வத்திடமிருந்து நான் தண்ணீரை மறைத்தது

ஆடி 20, திங்கள்
காலையிலிருந்து தூறல். எழுத்து கோணல்மாணல். போன கோடையில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.

மகன் செல்வம் (இனி செ., கை வலிக்கிறது) லீவில் வந்திருக்கிறான். வேலை பார்க்கும் அணு ஆலையில் கனநீர்க் குழாய் கசிந்து ஆவியைச் சுவாசித்துவிட்டான். ட்ரிட்டியமாம். தண்ணீராகவே உடம்பில் கலந்து, கதிர் வீசி, உயிரணுவுக்குள் மரபு இழையை அறுக்குமாம். எலியின் அணுக்களில் பார்த்திருக்கிறார்களாம். இவன் ரத்தமும் சோதனைக்குப் போயிருக்கிறது.

மருமகள் மாலா, கல்யாணமாகி நாலு மாதம். "இனிமே பொறக்கற பிள்ளைக்கு ஏதும் ஆயிடுமா மாமா?" வைக்கோல் நனையாமல் மூடப் போனேன்.

ஆடி 21, செவ்வாய்
வெயில். கூலித் தகராறு தீரவில்லை. பண்ணையில் நடவு இல்லை, வரப்பில் சங்கக் கொடி மட்டும்.

பாம்பு கடித்தவனுக்கு எங்கள் தெருவில் தண்ணீர் தர மாட்டோம், விஷம் பரவும் என்று. இவனுக்குள் போனதும் விஷந்தானே, குடத்தைத் தூக்கி நெல் குதிருக்குப் பின்னால் வைத்தேன். செ. கண்டுபிடித்துவிட்டான்.

"என்னப்பா இது! டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காரு!"

"விஷத்துக்குத் தண்ணியாடா?"

"உள்ள இருக்கறதே தண்ணிதாம்ப்பா. மேல ஊத்த ஊத்தத்தான் ஒண்ணுக்கா வெளியேறும்."

மாலா சிரித்துவிட்டாள். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

சரிதான். உப்புப் போக உவர் வயலில் ஆற்றுத் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடிக்கிறோமே.

ஆடி 22, புதன்
மரம் ஏறி ஒரு குலை இளநீர். இந்த வயதில் ஏறியதற்கு மாலாவிடம் திட்டு வாங்கினேன். செ. பாதி நேரம் கொல்லையில். பக்கத்து வீட்டு முருகையன் அவனைப் பார்த்து: "என்ன மாப்ள, மொறை வைக்காம மதகைத் திறந்துட்டியா?"

ஆடி 24, வெள்ளி
ரத்தச் சோதனை முடிவு கேட்க வலங்கைமான் போன் கடை. செ. உள்ளே, நாங்கள் கண்ணாடிக்கு வெளியே. முதுகைத்தான் பார்க்க முடிந்தது. மாலா என் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தான். "இழையெல்லாம் ஒழுங்கா இருக்காம். அறுந்தது எல்லாருக்கும் இருக்கற அளவுதானாம். ஒடம்புக்குள்ள போன விஷமும் கொஞ்சந்தானாம். சில மாசம் பொறுத்துப் பிள்ளை பெத்துக்கலாம்னு சொல்றாங்க."

பஸ்ஸில் மாலா வழி முழுக்க அழுகை, அதே துண்டில். நான் ஒவ்வொரு கடைப் பலகையாகச் சத்தம்போட்டு வாசித்தேன். உரக்கடை, சைக்கிள் கடை, பாத்திரக்கடை. கண்டக்டர்: "பெரியவரே, ஸ்டாப்பிங் பேரையும் நீங்களே சொல்லிடுங்க."

ஆடி 26, ஞாயிறு
வாய்க்காலில் தண்ணீர் நிறைய. செ. மத்தியானம் மல்லாந்து படுத்திருந்தவன், "அப்பா, இந்த உத்தரம் தொட்டில் தாங்குமா?" என்றான். மாலா அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். மற்றதை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன், ஏணி எங்கே என்று பார்க்க வேண்டும்.