பிரியாத சோடி

நகோயா
12.05.2008

அன்பின் உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலியும் வாப்பாவின் சீனி வருத்தமும் இப்போது எப்படி?

"என்ன மகன், இன்னும் பிரிச்சி முடியல்லியா?" என்று போனில் கேட்டீர்கள். இல்லை உம்மா. நான் ஆராயும் மருந்தில் இடது செருப்பும் வலது செருப்பும் போல இரண்டு வடிவங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சுகப்படுத்தும், மற்றது கெடுதல் செய்யும். வன்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை மணலில் ஒட்டி ஒரு குழாயில் அடைத்து, கலவையை அதனூடாக விட்டால், அது ஒன்றைப் பிடித்துவைத்து மற்றதை முந்தவிட வேண்டும். மூன்று மாதமாக இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

போன வெள்ளிக்கிழமை பாதி பிரிந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில் பிழையான திரவத்தை ஓடவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வரும்போது குழாய் பாழ். பேராசிரியர் ஏசவில்லை. "நாளைக்குப் புதியது வரும்" என்றார். அதில்தான் எனக்கு ஆத்திரம்.

சுனாமியில் கடல் வந்த பிறகு, வாப்பாவின் கால் புண்ணுக்கு டொக்டர் எழுதித்தந்த மருந்தும் இந்த வன்கோமைசின்தான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பாமசி பாமசியாக அலைந்தோமே. அது கிடைத்த நாளில் கால் இருக்கவில்லை.

உடுத்த மருதமுனைச் சாரன் ஒன்று அனுப்புங்கள், இருப்பது கிழிந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது. வாப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது செருப்புக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகன்,
ஜெஸீம்