தவக்காலத்தில் விட்ட உப்பு

புதுச்சேரி
24 மார்ச் 2025

மெரினுக்கு,

போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும், அதனால் எழுதுகிறேன். கரண்டியைத் துடைத்து வை என்று சொன்னதற்கா ஒரு மருமகள் புருஷனைக் கூட்டிக்கொண்டு நெல்லித்தோப்புக்குத் தனிக்குடித்தனம் போவாள்?

என் உடம்பைப் பற்றி மகன் ஆனந்திடம் கேட்டாயாம். சோர்வுக்குத் தைராய்டு காரணம் என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தவறாமல் போடுகிறேன். கொஞ்ச நாளாக ஊறுகாய் ஜாடியைக் கண்டால் கை தானாகப் போகிறது. இந்த வயதில் இப்படி ஒரு நாக்கா? தவக்காலத்துக்கு உப்பையே விட்டுவிட்டேன்.

லூர்துசெல்வி அமலநாதன்

நெல்லித்தோப்பு
27 மார்ச்

அன்புள்ள அத்தைக்கு,

கரண்டிக்காக இல்லை. ஒன்பது வருடத்தில் நான் செய்த எதையும் நீங்கள் சரி என்று சொன்னதில்லை. அது கிடக்கட்டும்.

ஞாயிறு பூசையில் பின் பெஞ்சில் இருந்தேன். உங்கள் கழுத்தும் கைமுட்டிகளும் கறுத்திருக்கின்றன. எழுந்திருக்கும்போது தடுமாறினீர்கள். மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் இன்னும் இளைத்திருக்கிறீர்கள். உப்பை விடாதீர்கள். கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்; நான் லீவு போடுகிறேன்.

மெரின்

புதுச்சேரி
2 ஏப்ரல்

மெரினுக்கு,

கறுத்தது வெயிலால். காலையில் வாந்தி வருகிறது; அதுவும் போய்விடும். ஆண்டவருக்குக் கொடுத்ததை நான் திரும்ப வாங்குவதில்லை. லீவு போட வேண்டாம்.

லூர்துசெல்வி அமலநாதன்

புதுச்சேரி
5 மே

அன்பு மெரின்,

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் நானும் விழுந்தேன். கூட்டத்தில் முதலில் ஓடிவந்து தூக்கி ஆட்டோவில் போட்டவள் நீ. அப்போது உன்னிடம் பேச எனக்கு நினைவில்லை. வார்டில் நினைவு வந்த பிறகு வாய் வரவில்லை.

இன்று மறுபடி கோரிமேட்டுக்குப் போனபோது டாக்டர் சிந்துஜா விளக்கினாள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி எனக்கு வேலை செய்யவில்லையாம்; நீ பார்த்த கறுப்பும் அதனால்தானாம். அது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தால் தைராய்டு பரிசோதனையும் கோளாறாகத்தான் காட்டுமாம். அதைப் பார்த்துத் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், உடம்பில் மிச்சமிருக்கும் கார்டிசாலும் சீக்கிரம் செலவாகிவிடும். உப்பு தங்காததால்தான் நாக்கு அதைத் தேடியிருக்கிறது. நான் அதைப் பாவம் என்று நினைத்தேன். கடைசியில் பாட்டில் பாட்டிலாக உப்புநீரைத்தான் நரம்பில் ஏற்றினார்கள்.

கார்டிசால் மாத்திரை ஆரம்பித்ததும் தைராய்டு தானாகவே சரியாகிவிட்டது. அந்த மாத்திரையை அவளே நிறுத்திவிட்டாள். கார்டிசால் மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாது. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும்.

"ஊசி போட வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"பையன் ஊசியப் பாத்தா கண்ண மூடிக்குவான். மருமக இருக்கா."

"கூடவா இருக்காங்க?"

"இல்ல. கூப்பிட்டா வருவா."

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். வருகிறாயா? நீ எப்படிப் போட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அத்தை